டேப்லெட் பிள்ளைகளின் பொருள் அல்ல



வீட்டில் ஆளுக்கொரு திறன்பேசி இருக்கிறது. கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருந்தால் ஒரு மடிக்கணினியும் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே டேப்லெட் என்றொரு மூன்றாவது கருவிக்கு இடமுண்டா என்ற கேள்வி நம் குடும்பங்களில் ஆண்டுதோறும் எழுகிறது. துபாயிலோ ரியாதிலோ இருக்கும் வாப்பா விடுமுறைக்குப் பெட்டி கட்டும்போது எழுகிறது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது எழுகிறது. பெருநாளை ஒட்டிவரும் தள்ளுபடி விளம்பரங்களைப் பார்க்கும்போது எழுகிறது. எழுந்த வேகத்திலேயே பதிலும் கிடைத்துவிடுகிறது. "பிள்ளைகள் படிக்கட்டுமே" என்பதுதான் அந்தப் பதில்.

அந்தப் பதிலையே நாம் இங்கு மறுக்கிறோம். டேப்லெட்டுக்கு நம் வீட்டில் ஓர் இடம் இருக்கிறது என்றே நாமும் கருதுகிறோம். அது கண் மங்கிய வாப்பும்மாவின் கட்டிலோரம். அத்தகைய பெரியவர் எவரும் இல்லாத வீட்டுக்கு, வேறு தெளிவான தேவை எதுவும் இல்லாத நிலையில், அந்தக் கருவி வேண்டியதே இல்லை.

இதைச் சொன்னவுடன் இரு தரப்பாரும் நம்மோடு சண்டைக்கு வருவார்கள் என்பதை அறிவோம். கருவி கையில் இல்லாத பிள்ளை உலகத்தின் ஓட்டத்தில் பின்தங்கிவிடும் என்பார் ஒரு தரப்பார். திரை என்றாலே ஃபித்னா, வாசற்படியைத் தாண்டவே விடக்கூடாது என்பார் மறுதரப்பார். பின்னவருக்கு ஒன்றை மட்டும் நினைவூட்டி நகர்கிறோம். ஒலிபெருக்கியில் பாங்கு சொல்லலாமா என்று ஒரு காலத்தில் வாதம் நடந்தது. வானொலியில் ஸஜ்தா வசனம் கேட்டால் ஸஜ்தா செய்ய வேண்டுமா என்ற கேள்வி உலமாக்களிடம் வந்தது. அவர்கள் பெட்டியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. எந்தப் பொருள், எவர் கையில், எதற்காக என்று பகுத்துப் பார்த்தார்கள். அந்தப் பகுப்பைத்தான் நாமும் செய்ய முயல்கிறோம். நம் நீண்ட வாதம் முதல் தரப்பாரோடுதான்.

இந்தக் கருவி எப்படிப் பிறந்தது என்பதைச் சற்றுப் பார்ப்போம். 2010 ஜனவரி 27 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேடை அறிமுகப்படுத்தினார். திறன்பேசிக்கும் மடிக்கணினிக்கும் இடையே மூன்றாவதாக ஒரு கருவிக்கு இடமிருக்கிறதா என்று, நாம் இன்று கேட்கும் அதே கேள்வியைத்தான் அவரும் மேடையில் எழுப்பினார். சில முக்கியமான வேலைகளில் அது மற்ற இரண்டையும் விஞ்ச வேண்டும், இல்லையேல் அது இருப்பதற்கே காரணமில்லை என்று அளவுகோலையும் அவரே வைத்தார். பிறகு அந்த வேலைகளைப் பட்டியலிட்டார்: இணையப் பக்கம் பார்ப்பது, மின்னஞ்சல், புகைப்படம், காணொளி, இசை, விளையாட்டு, மின்னூல். பின்னர் ஒரு சோபாவில் சாய்ந்து அமர்ந்து அதை இயக்கிக் காட்டினார். அந்தப் பட்டியலை நிதானமாகப் படித்துப் பாருங்கள். மின்னஞ்சல் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் பார்ப்பதும் கேட்பதும் விளையாடுவதும் வாசிப்பதுமே. எழுதிப் பழகுவது, கணக்குப் போடுவது, ஒன்றை உருவாக்குவது எதுவும் அன்று அதில் இல்லை. ஓய்வாகச் சாய்ந்திருப்பவருக்கென்றே அது செய்யப்பட்டது. சாய்ந்திருக்கும் வயது எது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

அதே ஆண்டில் ஒரு செய்தியாளர் அவரிடம், உங்கள் பிள்ளைகளுக்கு ஐபேட் மிகவும் பிடித்திருக்குமே என்று கேட்டிருக்கிறார். அவர்கள் அதைப் பயன்படுத்தியதில்லை, வீட்டில் பிள்ளைகளின் தொழில்நுட்பப் பயன்பாட்டுக்கு வரம்பு வைத்திருக்கிறோம் என்ற பொருளில் பதில் வந்தது. 2014-இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் அந்த உரையாடல் வெளியானது. செய்தவர் தம் பிள்ளைகளுக்குக் கொடுக்காததை, பாலைவன வெயிலில் நின்று சம்பாதித்த காசைக் கொடுத்து வாங்கி நம் பிள்ளைகளுக்கு அனுப்பி வைக்கிறோம்.

திறன்பேசியும் திரைதானே, அதைவிட டேப்லெட் எந்த வகையில் மோசம் என்று கேட்கப்படுகிறது. நியாயமான கேள்வி. இதற்கான விடை திரையின் அளவில் இல்லை; உரிமையில் இருக்கிறது. திறன்பேசிக்கு ஓர் உரிமையாளர் உண்டு. அவருடைய எண்ணும் வங்கிக் கணக்கும் குடும்பத்தாரின் குரல் செய்திகளும் அதில் இருக்கின்றன. உம்மா கடைக்குப் போனால் அதுவும் உடன் போகிறது. மாமி அழைத்தால் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும் கார்ட்டூன் பாதியில் அறுந்துபோகிறது. பேட்டரி குறைந்தால் "கொடு இங்கே" என்று பிடுங்கப்படுகிறது. எரிச்சலூட்டும் இந்தச் சின்னச் சின்ன இடையூறுகள்தாம் பிள்ளைக்குக் கிடைக்கும் வேலி. டேப்லெட்டுக்கு அப்படியொரு வேலி கிடையாது. விலை குறைவென்று சிம் போடும் வசதியில்லாத வைஃபை வகையையே நம்மில் பலர் வாங்குகிறோம். அதற்கு அழைப்பு வருவதில்லை. எவரோடும் அது வெளியே கிளம்புவதில்லை. எவருடைய அலுவலும் அதற்குள் காத்திருப்பதில்லை. உரிமையாளர் இல்லாத பொருள், வீட்டில் எவருக்கு வேலை குறைவோ அவர் கையில்தான் போய்ச் சேரும். நம் வீடுகளில் அந்த நபருக்கு வயது மூன்று.

கொரோனா காலத்தை இங்கு எவரும் எடுத்துக்காட்டுவார்கள். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது இணையவழி வகுப்புக்காகக் கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும் கருவி வாங்கிய குடும்பங்கள் உண்டு. அது அன்றைய அவசரத் தேவை. அதில் குறை காண நமக்கு உரிமையில்லை. ஆனால் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1 அன்று ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை மீண்டும் திறக்கப்பட்டதே, அன்று மாலை அந்த டேப்லெட்டுக்கு வீட்டில் என்ன வேலை மிச்சமிருந்தது? வகுப்பு பள்ளிக்குத் திரும்பிவிட்டது. கருவி மட்டும் பிள்ளையிடமே தங்கிவிட்டது. வந்த காரணம் போன பிறகும் போகாத விருந்தாளியைப் போல, இன்றுவரை சாப்பாட்டு ஸஹனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அந்தச் சாப்பாட்டு வேளையைப் பற்றியே கொஞ்சம் பேச வேண்டும். நபி (ஸல்) அவர்கள் தம் பராமரிப்பில் வளர்ந்த உமர் இப்னு அபீ ஸலமா என்ற சிறுவரின் கை உணவுத் தட்டில் அங்குமிங்கும் அலைவதைக் கண்டு, பிஸ்மில்லாஹ் சொல்லவும் வலக்கையால் உண்ணவும் தம் பக்கத்திலிருப்பதை எடுத்து உண்ணவும் கற்றுக்கொடுத்த செய்தி புகாரியில் இடம்பெற்றிருக்கிறது. ஒரே தட்டில் அமர்ந்து, பிள்ளையின் கையைக் கவனித்து, அந்த நொடியிலேயே திருத்திய கல்வி அது. திரையில் கண் பதித்து, என்ன உண்கிறோம் என்பதே தெரியாமல் வாயைத் திறக்கும் பிள்ளைக்கு இதில் எதைக் கற்றுக்கொடுக்க முடியும்? அதன் கை தட்டிலேயே இல்லை. ஒரு கவளத்துக்கு ஒரு பாட்டு என்று ஊட்டி முடித்துவிட்டு, பிள்ளை நன்றாகச் சாப்பிட்டது என்று நிம்மதி அடைகிறோம். ஆங்கிலத்தில் மாத்திரைக்கும் இந்தக் கருவிக்கும் ஒரே பெயர் அமைந்தது பொருத்தந்தான். இரண்டையும் நாம் அழுகையை அடக்கத்தான் கொடுக்கிறோம்.

மருத்துவ உலகின் கருத்தும் தெளிவாகவே இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரை நேரமே வேண்டாம் என்கிறது. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் இதையொட்டியே அறிவுறுத்துகிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அச்சங்கம் அளிக்கும் ஒரே விலக்கு, உறவினர்களோடு எப்போதாவது பேசும் காணொளி அழைப்பு. சபராளி வாப்பாமார்கள் இதைக் கவனிக்க வேண்டும். உங்கள் பிள்ளை உங்கள் முகத்தைத் திரையில் பார்ப்பதை எந்த மருத்துவரும் தடுக்கவில்லை. உங்கள் முகத்துக்குப் பதிலாக நீங்கள் அனுப்பிவைத்த கண்ணாடிப் பலகையைத்தான் தடுக்கிறார்கள்.

"அதில் அலிஃப், பா கற்றுக்கொள்கிறதே" என்று தாய்மார்கள் சொல்வதுண்டு. எழுத்தின் வடிவத்தைப் பிள்ளை அடையாளம் காண்கிறது என்பது உண்மைதான். ஆனால் நம் ஊர்களில் குர்ஆன் ஓதுதல் வடிவத்தால் கற்கப்பட்டதல்ல. வாயிலிருந்து செவிக்கு, செவியிலிருந்து வாய்க்கு என்று வந்தது. ஐன் எழுத்து தொண்டையின் எந்த இடத்திலிருந்து வர வேண்டும், ளாதுக்கு நாவின் எந்த ஓரம் பட வேண்டும் என்பதை உஸ்தாத் தம் வாயைத் திறந்து காட்டுகிறார். பிள்ளை தவறினால் நிறுத்துகிறார். பத்துமுறை சொல்ல வைக்கிறார். செயலி ஒலியைச் சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த எழுத்துக்குத் தாவுகிறது. ஓதுவதைக் கேட்டு, விட்டுப்போன சொல்லைச் சுட்டிக்காட்டும் செயலிகளும் இப்போது வந்திருக்கின்றன. ஹிஃப்ளு செய்த பெரிய பிள்ளைகள் பாடம் பார்க்க அவை உதவக்கூடும். ஆறு வயதுப் பிள்ளையின் மக்ரஜைப் பக்குவப்படுத்தும் வேலையை அவற்றிடம் ஒப்படைத்துவிட்டு மக்தபுக்கு அனுப்பாமல் இருப்பது வேறு விஷயம். மஃக்ரிபுக்குப் பிறகு தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு ஓதும் சப்தம் கேட்ட ஊர்கள் நம்முடையவை. இன்று அதே நேரத்தில் அதே சன்னல்களின் வழியே கார்ட்டூன் சிரிப்பு கேட்கிறது.

இங்கு ஒரு விலக்கைச் சொல்லிவிட வேண்டும். மதரஸா இல்லாத ஐரோப்பிய நகரம் ஒன்றில் வாழும் தமிழ்க் குடும்பம், தாயகத்திலுள்ள உஸ்தாத் ஒருவரிடம் காணொளி வழியே பிள்ளையை ஓத வைப்பதாக வைத்துக்கொள்வோம். உஸ்தாதின் வாய் அசைவு தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் பெரிய திரை நல்லதுதான். அங்கே கற்பிப்பவர் மனிதர். கருவி வெறும் சன்னல். வகுப்பு முடிந்ததும் சன்னலைச் சாத்திவிட வேண்டும், அவ்வளவே.

பெரிய பிள்ளைகளுக்கு வருவோம். அவர்களுக்குத் தேவை மடிக்கணினி. இதில் அரசுகளே இரு வழிகளைச் சோதித்துப் பார்த்துவிட்டன. 2011 அக்டோபரில் மத்திய அரசு ஆகாஷ் என்ற டேப்லெட்டை 2,276 ரூபாய்க்கு வாங்கி மாணவர்களுக்கென வெளியிட்டது. உலகத்திலேயே மலிவானது என்று கொண்டாடப்பட்டது. அழுத்தினால்தான் உணரும் திரை, 366 மெகாஹெர்ட்ஸ் செயலகம், 256 எம்.பி. நினைவகம் என்ற அளவில் இருந்த அந்தக் கருவி மீதான எதிர்பார்ப்பு சில ஆண்டுகளில் அடங்கிப்போனது. அதற்குச் சில வாரங்கள் முன்னதாக, 2011 செப்டம்பரில், தமிழ்நாடு அரசு மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. அதில் விசைப்பலகை இருந்தது. கட்டுரை தட்டச்சு செய்யவும் நிரல் எழுதிப் பார்க்கவும் விண்ணப்பம் நிரப்பவும் விசைப்பலகை வேண்டும். டேப்லெட்டுக்குத் தனியாக விசைப்பலகையும் பேனாவும் வாங்கிச் சேர்த்தால் மொத்த விலை ஒரு நல்ல மடிக்கணினியின் விலையைத் தொட்டுவிடும். சில வகைகளில் தாண்டியும் விடும். ஓவியமோ கட்டடக்கலையோ படிக்கும் பிள்ளைக்கு வரைபேனாவோடு கூடிய டேப்லெட் தேவைப்படலாம். கடையில் சரக்கைக் காட்டவும் கணக்குப் போடவும் வைத்திருப்போர் உண்டு. அவை தொழிற்கருவிகள். நம் வாதம் அவற்றைப் பற்றியதல்ல.

இப்போது இந்தக் கருவி உண்மையில் எவருக்குப் பொருந்தும் என்பதைப் பார்ப்போம்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து வருவது இயற்கை. அறுபதுக்கு மேல் கண்புரை சேர்ந்துகொள்கிறது. சர்க்கரை நோய் இருந்தால் விழித்திரையும் பாதிக்கப்படலாம். தமிழ் நாளிதழ் படிப்பவர் எழுத்து மங்கினாலும் ஊகித்து வாசித்துவிடலாம். குர்ஆன் ஓதுபவரால் அப்படி முடியாது. பா, தா, ஸா மூன்றுக்கும் உடல் ஒன்றே; புள்ளி மட்டுமே வேறு. ஹரகத் ஒன்று மாறினால் பொருள் மாறிவிடும் என்ற அச்சம் ஓதத் தெரிந்தவருக்கே அதிகம். ஆகவே நம் வீடுகளில் ஓர் ஓசையற்ற துயரம் நிகழ்கிறது. ஆயுள் முழுக்க ரமளானில் இரண்டு ஹத்தம், மூன்று ஹத்தம் என்று முடித்த வாப்பும்மா, ஒரு கட்டத்தில் முஸ்ஹஃபை முத்தமிட்டு அலமாரியில் வைத்துவிட்டு, மனனமாகத் தெரிந்த யாஸீனோடும் சின்ன சூராக்களோடும் நின்றுவிடுகிறார். எவரிடமும் முறையிடுவதில்லை. "கண் தெரியலம்மா" என்று ஒரே ஒருமுறை சொல்லியிருப்பார். நாமும் சரி என்று தலையசைத்திருப்போம்.

மகன் வாப்பும்மாவின் திறன்பேசியில் குர்ஆன் செயலியை ஏற்றிக்கொடுப்பான். அது உதவாது, ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 6.5 அங்குலத் திறன்பேசியின் திரை அகலம் ஏறத்தாழ 6.8 செ.மீ. 10.1 அங்குல டேப்லெட்டின் திரை அகலம் ஏறத்தாழ 13.6 செ.மீ. முஸ்ஹஃபின் ஒரு முழுப் பக்கத்தைத் திரையின் அகலத்துக்கு விரித்தால், டேப்லெட்டில் ஒவ்வோர் எழுத்தும் திறன்பேசியில் இருப்பதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. திறன்பேசியிலும் எழுத்தைப் பெரிதாக்கலாமே என்பீர்கள். பெரிதாக்கினால் பக்கம் கலைகிறது. மதீனா முஸ்ஹஃபில் 604 பக்கங்கள், பக்கத்துக்கு 15 வரிகள். நம் நாட்டு அச்சுகளில் 13 வரி, 16 வரி என்று வேறு அமைப்புகள் உண்டு. எந்த அச்சில் ஓதிப் பழகினாரோ அதன் பக்க அமைப்பு பெரியவரின் நெஞ்சில் பதிந்திருக்கிறது. வலப்பக்கத்தின் கீழ்வரி, இடப்பக்கத்தின் நடுவரி என்று இடம் கொண்டே அவர் வசனத்தை அறிவார். வரிகளை உடைத்து வேறு விதமாக அடுக்கும் திரையில் அவருக்கு அது பழகிய வீட்டில் சுவர்களை மாற்றி வைத்தது போலிருக்கும். அதே அச்சின் பக்கப் படத்தை அப்படியே காட்டும் செயலிகள் உண்டு. அவற்றுக்கு ஏற்ற அளவு டேப்லெட்டின் திரைதான்.

பெரிய எழுத்து முஸ்ஹஃப் அச்சிலும் கிடைக்கிறது. கிடைக்கும் வீட்டில் அதுவே முதன்மை. நாம் அதை மறுக்கவில்லை. ஆனால் அதன் கனம் முழங்கால் வலியுள்ளவருக்கு, கீழே அமர்ந்து ரேஹல் பலகையில் வைத்து ஓத முடியாதவருக்குப் பெரும் சுமை. 10 அங்குல டேப்லெட் அரைக் கிலோ அளவில்தான் இருக்கும். நாற்காலியில் அமர்ந்து மடியில் வைத்துக்கொள்ளலாம். தனக்குள்ளேயே வெளிச்சம் இருப்பதால் தஹஜ்ஜுத் நேரத்தில் விளக்கேற்றி மற்றவர் தூக்கத்தைக் கலைக்க வேண்டியதில்லை. உளூவை நெடுநேரம் தக்கவைத்துக்கொள்ள முடியாத உடல்நிலை முதுமையில் சகஜம். திரையில் தோன்றும் எழுத்துக்கு அச்சிட்ட முஸ்ஹஃபைத் தொடும் சட்டம் பொருந்தாது என்று தற்கால உலமாக்கள் பலர் கருதுகின்றனர். மாற்றுக் கருத்து உடையோரும் உண்டு. அவரவர் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கேட்டுச் சொல்லும் பொறுப்பு வீட்டிலுள்ள இளையவருடையது.

ஓதுவதோடு முடிந்துவிடவில்லை. பழைய நூல்களை வருடிப் பதிவேற்றும் அரும்பணியைத் தமிழ் இணையக் கல்விக்கழகமும் இலங்கையின் நூலகம் நிறுவனமும் செய்துவருகின்றன. இத்தகைய வருடல் பக்கங்கள் வெறும் படங்கள். திறன்பேசியில் அவற்றை விரலால் இழுத்து இழுத்து வாசிப்பது கண்ணுக்கும் பொறுமைக்கும் சோதனை. டேப்லெட்டில் ஒரு பக்கம் ஒரு பக்கமாகவே நிற்கிறது. அரபு எழுத்தில் தமிழை எழுதிய அர்வியை வாசிக்கத் தெரிந்தவர்களில் பலர் இன்று எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இருக்கிறார்கள். சிறுமியாக இருந்தபோது அவர் ஓதிய அர்விக் கிதாபின் ஒரு பக்கத்தைப் பெரிதாகக் காட்டி, "இது என்ன வாப்பும்மா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் வாசிப்பதை ஒலிப்பதிவு செய்துகொள்வது அடுத்த வேலை. அது அவசர வேலையும்கூட.

சபரிலிருக்கும் மகனின் முகமும் இந்தக் கணக்கில் சேரும். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புக்கு அனுமதி இல்லாததால் போட்டிம் போன்ற செயலிகளின் வழியே பேசிக்கொள்ளும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். உள்ளங்கை அளவுத் திரையில் மகனின் முகம் நெல்லிக்காய் அளவுக்குத் தெரிய, "ஆள் மெலிஞ்சிட்டாப்போல இருக்கே" என்று உம்மா ஊகத்தில் கவலைப்படுகிறார். முகம் பெரிதாகத் தெரிந்தால் அந்தக் கவலை உண்மையா இல்லையா என்பதாவது தெரியும். இதில் தொழில்நுட்ப நிறுவனங்களின் அலட்சியத்தையும் சொல்ல வேண்டும். 2010-இல் வந்த ஐபேடுக்கென வாட்ஸ்அப் தனிச் செயலி வெளியிட்டது 2025-இல்தான். ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் இந்தச் சிக்கல் முன்பே தீர்ந்துவிட்டது. வாங்குவோர் இதையும் கருத்தில் கொள்ளலாம்.

பெரியவர்களுக்கு இயக்கத் தெரியாது என்பதுதான் நாம் வழக்கமாகக் கேட்கும் மறுப்பு. தெரியாதுதான். மிக்ஸியும் எரிவாயு அடுப்பும்கூட அவர்களுக்கு ஒரு காலத்தில் தெரியாதவையே. உலர்ந்த விரல் நுனியைத் தொடுதிரை சரியாக உணராது. நடுங்கும் விரல் ஒன்றைத் தொட நினைத்து மற்றொன்றைத் தொட்டுவிடும். சிறிய திரையில் இந்தத் தடுமாற்றம் இன்னும் கூடும். பெரிய திரையில் குறியீடுகள் பெரிதாக, விலகி இருப்பதால் குறையும். ஆகவே இந்த மறுப்பும் நம் பக்கமே சாய்கிறது.

மற்றொரு மறுப்பு பணத்தைப் பற்றியது. ஒரு நடுத்தர டேப்லெட் பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் ரூபாய் வரை ஆகிறது. வயதானவருக்கு இவ்வளவு செலவா என்று வாய்விட்டுக் கேட்பவர் குறைவு. மனத்துக்குள் கேட்பவர் அதிகம். அதே இருபதாயிரம் நான்கு வயதுப் பிள்ளைக்கென்றால் கேள்வியே எழுவதில்லை. தப்தீர் என்ற வீண்விரயம் செய்வோரைக் குறித்து பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தில் அல்லாஹ் எவ்வளவு கடுமையாகப் பேசுகிறான் என்பது நாம் அறிந்ததே. உரிய இடம் அல்லாத இடத்தில் செலவழிப்பதே தப்தீர் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) விளக்கியதைத் தஃப்ஸீர் நூல்கள் பதிவு செய்கின்றன. தொகை பெரிதா சிறிதா என்று அந்த விளக்கம் கேட்கவில்லை. இடம் சரியா என்று கேட்கிறது. ஒரே கருவி, ஒரே விலை. பிள்ளையின் கையில் அது தப்தீர். பார்வை குறைந்த தாயின் கையில் அது ஹக்கு. பெற்றோர் இருவரோ ஒருவரோ முதுமையை அடைந்தால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதும் அதே அத்தியாயத்தில், தப்தீர் பற்றிய வசனங்களுக்குச் சற்று முன்னதாகவே வருகிறது என்பதைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வாங்கி வீட்டில் கிடக்கும் டேப்லெட்டை என்ன செய்வது என்று கேட்போருக்கு: விற்க வேண்டாம், கைமாற்றுங்கள். விளையாட்டுகளை நீக்கிவிடுங்கள், யூடியூப் நீங்காது என்றால் முடக்கிவையுங்கள். அறிவிப்பு ஒலிகளை நிறுத்துங்கள். எழுத்து அளவை உச்சத்தில் வையுங்கள். குர்ஆன் செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரம் வராததாகப் பாருங்கள். இலவசம் என்று எதையாவது ஏற்றினால் இரண்டு பக்கங்களுக்கு இடையே எந்தப் படம் தோன்றும் என்று சொல்ல முடியாது, பெரியவர் வெட்கத்தில் அதை மறுபடி தொடவே மாட்டார். அவர் பழகிய அச்சு எது என்று அலமாரியிலுள்ள முஸ்ஹஃபைத் திறந்து வரிகளை எண்ணிப் பார்த்து, அதே அச்சை ஏற்றுங்கள். மின்னேற்றும் கம்பியைக் கட்டிலோரத்திலேயே பொருத்திவையுங்கள். கடவு எண்ணை வாப்பும்மாவே வைக்கட்டும். பேரன் கேட்டு அழுதால் அவரருகே உட்கார்ந்து பக்கம் புரட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். அவன் ஓதுகையில் ஐன் பிசகினால் திருத்துவதற்கு அங்கே ஆள் இருக்கிறது.